யாரிடம் ‘இரிங்க’ என்கிறோம்?

நாஞ்சில் நாட்டில் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் வாயில் வரும் முதல் வார்த்தை ‘இரிங்க’. நாற்காலி கிடந்தால் நாற்காலி, இல்லாவிட்டால் திண்ணை, அதுவும் இல்லையென்றால் ஒரு பாய். கையோடு, ‘சாயா போடட்டா, காப்பி குடிக்கேளா?’ என்று விசாரிப்பு. தாடகை மலையடிவாரத்துப் பூதப்பாண்டியில் யார் வீட்டு நடையை மிதித்தாலும் இந்த உபசாரத்துக்குக் குறைவிருக்காது. தோவாளை தாலுகாவின் தலைமையிடம் என்பதால் பல ஊர்க்காரர்கள் வந்துபோகிற இடம் அது. வந்தவரை நிற்கவைத்துப் பேசுவது அங்கே மரியாதைக் குறைவு.

அதே வீட்டுக்குத் தென்னை ஏற வந்தவருக்கும், சாக்கடை அடைப்பெடுக்க வந்தவருக்கும், காஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்தவருக்கும் அந்த வார்த்தை கிடைக்கிறதா? பெரும்பாலும் இல்லை. யாரும் அவர்களை வைது அனுப்புவதில்லை; பேசிய கூலியில் குறைப்பதுமில்லை. நிற்கவைத்தே பேசி, நிற்கவைத்தே காசு கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அதில் ஒரு பிசகு இருப்பதாகவே நமக்குத் தோன்றுவதில்லை. பூதப்பாண்டி என்றில்லை, தமிழ்நாட்டின் எந்த ஊரிலும், எந்த நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இதுதான் நடப்பு.

ஒரு சமூகத்தின் நாகரிகத்தை உரசிப் பார்க்க வேண்டிய இடம் இது. மேலதிகாரியிடமும் சம்பந்தி வீட்டாரிடமும் வங்கி மேலாளரிடமும் தன்மையாகப் பேச யாருக்கும் பயிற்சி தேவையில்லை. அங்கே நமக்குக் காரியம் இருக்கிறது. காரியம் இல்லாதவரிடம், நமக்குக் கீழே என்று ஊர் சொல்லிவைத்தவரிடம், நம் கருத்துக்கு நேர் எதிரே நிற்பவரிடம் எப்படி நடந்துகொள்கிறோம்? இந்தக் கேள்வியைப் பூதப்பாண்டியில் நின்று கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. 1907 ஆகஸ்ட் 21 அன்று கம்யூனிஸ்ட் தலைவர் ப. ஜீவானந்தம் பிறந்த ஊர் அது.

கீழிருந்து மேலே

பூதப்பாண்டி அடங்கிய தென் திருவிதாங்கூரில் மரியாதை என்பது நெடுங்காலம் கீழிருந்து மேலே வசூலிக்கப்பட்ட வரி. யார் யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், யார் எந்தத் தெருவில் நடக்கக் கூடாது, யார் குடை பிடிக்கலாம், யார் செருப்புப் போடலாம் என்றெல்லாம் கணக்கு இருந்தது. உடுத்தும் துணிக்கும் கணக்கு உண்டு. தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் போராடிய பிறகு, 1859 ஜூலை 26 அன்று சமஸ்தான அறிவிப்பு வந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம்; ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் மாதிரி உடுத்தக் கூடாது என்றது அந்த அறிவிப்பு. மானத்தைக் கொடுத்த கையாலேயே சமத்துவத்தைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள்.

பேச்சிலும் அதே அளவுகோல்தான். லண்டன் மிஷன் பாதிரியாராகத் திருவிதாங்கூரில் பணியாற்றிய சாமுவேல் மெட்டீர் இதைப் பதிவுசெய்திருக்கிறார். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் மேல்சாதிக்காரர்முன் ‘நான்’ என்று சொல்லிவிடக் கூடாது. ‘அடியான்’ என்றே சொல்ல வேண்டும். தான் உண்பதைச் சோறு என்று சொல்லக் கூடாது. தன் வீட்டை வீடு என்று சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளைகளைக் குரங்கு, கன்றுக்குட்டி என்றுதான் குறிப்பிட வேண்டும். பேசும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ளவும் வேண்டும். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். வாய் பொத்துவது ஒழிய அதற்குப் பிறகும் பல தலைமுறைகள் ஆயின.

படித்துப் பட்டம் வாங்கினாலும் கதை மாறிவிடவில்லை. மார்ஷல் நேசமணி வழக்கறிஞராக நாகர்கோவில் நீதிமன்றத்துக்குள் நுழைந்த நாளைப் பற்றிக் குமரி மாவட்டத்தில் இன்றும் சொல்வார்கள். மேல்சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி என்றிருந்ததாம் அங்கே வழக்கம். அவர் தனக்குப் போடப்பட்டிருந்த முக்காலியைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார் என்பது அந்தக் கதை. சட்டப் படிப்பு ஒன்று, கறுப்பு அங்கி ஒன்று, கட்சிக்காரரிடம் வாங்கும் கட்டணமும் ஒன்று. உட்காரும் பலகை மட்டும் வேறு!

கோபமும் பண்பும்

இந்த மண்ணில்தான் சொரிமுத்து என்ற சிறுவன் வளர்ந்தான். குலதெய்வத்தின் பெயரை வைத்தது வீடு. பிற்காலத்தில் நாடறிந்த பெயர் ஜீவானந்தம். ஒடுக்கப்பட்ட சமூகத்து நண்பனைத் தெருவுக்குள் அழைத்துவந்ததற்காக ஊர் எதிர்த்தது, வீடு கண்டித்தது, கடைசியில் அவர் வீட்டைவிட்டே வெளியேறினார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. வைக்கத்திலும் சுசீந்திரத்திலும் கோயில் தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்த காலம் அது. ஜீவா அவற்றில் இறங்கினார். வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் சேர்ந்தார். அங்கே சாப்பாட்டில் சாதி பிரிந்ததும் விலகினார். காரைக்குடிப் பக்கம் சிராவயலில் ஆசிரமம் நடத்தினார்.

சிராவயலில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சந்திப்பு நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. வருணாசிரமம் குறித்துக் காந்தி சொன்னதை ஏற்க முடியாமல் ஜீவா அவருக்குக் கடிதம் எழுதினார். 1927இல் செட்டிநாட்டுப் பக்கம் வந்த காந்தி, கடிதம் எழுதியவரைப் பார்க்க ஆசிரமத்துக்கே வந்தார். எதிரே நின்றவருக்கு வயது இருபது. உங்கள் சொத்து என்ன என்று கேட்டவரிடம் இந்த நாடுதான் என் சொத்து என்றாராம் ஜீவா. இல்லை, நீங்கள்தான் இந்த நாட்டின் சொத்து என்றாராம் காந்தி. பேச்சுப் போட்டிகளில் பிள்ளைகள் ஒப்பிக்கும் பகுதி இந்தப் பதில்தான். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது காந்தி நேரில் வந்தது. தன்னை மறுத்து எழுதிய ஓர் இளைஞனை, பெயர் தெரியாதவனை, நாடே பின்னால் நின்ற ஒரு தலைவர் தேடிப் போனார்.

ஜீவா சாதுவான மனிதர் இல்லை. ஒலிபெருக்கி வேண்டாத குரல் அவருக்கு. மணிக்கணக்கில் மேடையில் முழங்குவார். அவர் மறைந்த பின் நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமி எழுதிய நினைவுக் கட்டுரையின் தலைப்பே ‘காற்றில் கலந்த பேரோசை’. பகத்சிங்கின் நாத்திக நூலை மொழிபெயர்த்துச் சிறைக்குப் போனவர். பெரியாருடன் இருந்து, கருத்து மாறியதும் வெளிப்படையாகப் பிரிந்தவர். அப்படிப்பட்டவர் கம்பன் விழா மேடையில் ஏறி, பக்தர்கள் நிறைந்த அவையில் கம்பனின் கவிதையைக் கொண்டாடினார். கம்யூனிஸ்டுக்குக் கம்பன் எதற்கு என்று இந்தப் பக்கமும், நாத்திகனுக்கு இந்த மேடை எதற்கு என்று அந்தப் பக்கமும் முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். மனிதரோடு பேசுவதற்கு அவருடைய நம்பிக்கையை ஏற்க வேண்டியதில்லை என்பது ஜீவாவின் கணக்கு.

இங்கே நியாயமான ஓர் எதிர்வாதம் உண்டு. ‘பண்பாகப் பேசு, தன்மையாக நடந்துகொள்’ என்ற உபதேசம் எப்போதும் அடிபட்டவனை நோக்கித்தான் வருகிறது. அடித்தவனிடம் யாரும் சொல்வதில்லை என்பார்கள். உண்மை. உரிமை கேட்டவர்களைப் பார்த்து ‘மரியாதை தெரியாதவர்கள்’ என்று சொன்ன வரலாறு நமக்கு நிறைய உண்டு. முக்காலியைத் தள்ளிய வழக்கறிஞரையும் அன்று அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆகவே கோபத்தை அடக்கச் சொல்வதற்குப் பண்பு என்று பெயர் வைக்கக் கூடாது. மரியாதைக்கான முதல் பொறுப்பு அதிகாரம் இருக்கும் பக்கத்தில்தான். மேலே இருப்பவர் நாலு படி இறங்கி வரட்டும். கீழே இருப்பவரின் குரல் தானாகத் தணியும்.

நாற்காலி அரசியல்

1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவு அறிவிப்பை வெளியிட்டார். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. சமஸ்தானம் போய்விட்டது. நிற்கவைக்கும் பழக்கம் போய்விட்டதா?

2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் இருந்து ஒரு புகைப்படம் வெளியாகி நாட்டையே தலைகுனிய வைத்தது. ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் தலித் பெண். மக்கள் வாக்களித்துக் கொடுத்த பதவியால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கித்தர முடியவில்லை.

சாதி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாத இடங்களும் உண்டு. துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை சேலையை விரித்துக் காட்டும் பெண்களுக்கு நெடுங்காலம் உட்கார இருக்கை இருந்ததில்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நிற்கத்தான் வேண்டியிருந்தது. சுவரில் சாய்ந்தாலே மேற்பார்வையாளர் முறைப்பார். கால் வீங்கி, நரம்பு புடைத்து, கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட பெண்கள் ஏராளம். கேரளத்தில் அவர்கள் போராடிய பிறகு 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. நல்ல சட்டம். அதே சமயம், ‘கொஞ்சம் உட்காரும்மா’ என்று ஒரு முதலாளி சொல்வதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கடைக்குப் போன நமக்கும் அதில் பங்கு உண்டு. இருபது சேலையை விரிக்கச் சொல்லி, ஒன்றும் பிடிக்காமல் எழுந்து வரும்போது, எதிரே நிற்பவரின் முகத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

அரசு கொடுக்கும் உதவிகளிலும் இதே சிக்கல்தான். 2023இல் முதியோர் ஓய்வூதியத்தை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக அரசு உயர்த்தியது. அதற்கான மனுவைத் தூக்கிக்கொண்டு வரும் மூதாட்டி, எந்த ஊர் அலுவலகத்தில் என்றாலும், மேசைக்கு இந்தப் பக்கம் நின்றபடிதான் பேசுகிறார். கேட்கும் கேள்வி ஒருமையில் வருகிறது. ‘நாளைக்கு வா’ என்றால் எதற்கு, என்ன காகிதத்தோடு வர வேண்டும் என்று சொல்வதில்லை. மறுபடி பஸ் பிடித்து வந்து, மறுபடி நிற்கிறார். அந்த மேசையில் இருப்பவருக்கு வேலைப்பளு உண்டு, காலிப் பணியிடங்களின் சுமையும் அவர் தலையில்தான்; மறுக்கவில்லை. ஆனால் ‘பாட்டி, ஆதார் நகல் ஒண்ணு குறையுது, அதை மட்டும் கொண்டு வாங்க’ என்று சொல்ல ஆகும் நேரம், ‘நாளைக்கு வா’ என்று விரட்ட ஆகும் நேரத்தைவிட நாலு நொடி கூடுதல். அந்த நாலு நொடி ஒருவருடைய ஒரு நாளை மிச்சப்படுத்துகிறது.

நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதம் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பூ கட்டுகிறவர்களும் வீட்டு வேலைக்குப் போகிறவர்களும் மாதாமாதம் கணிசமான தொகை மிச்சம் பிடிக்கிறார்கள். அதே பேருந்தில் ‘ஓசி டிக்கெட்டுதானே, தள்ளி நில்லு’ என்ற குரலையும் கேட்க நேர்கிறது. நடத்துநர்கள் பலர் கண்ணியமாகவே நடந்துகொள்கிறார்கள். கூட்டத்தில் கிடந்து பன்னிரண்டு மணி நேரம் உழைக்கும் அவர்களிடம் பயணிகள் பேசும் பேச்சும் அழகில்லை. இருந்தாலும், சலுகையாக வாங்கியவருக்கு மரியாதை கிடையாது என்ற எண்ணம் எல்லார் மனதிலும் பதுங்கியிருக்கிறது. காசு கொடுத்தவருக்குத்தான் ‘வாங்க’ என்றால் அதற்கு வியாபாரம் என்று பெயர்.

எதிரணியில் ஒரு மனிதர்

நாகரிகத்தின் இன்னொரு சோதனை எதிராளியிடம் நடப்பது. 1952 முதல் 1957 வரை ஜீவா வண்ணாரப்பேட்டையின் சட்டமன்ற உறுப்பினர். 1954இல் காமராஜர் முதலமைச்சரானார். ஒருவர் காங்கிரஸ், மற்றவர் கம்யூனிஸ்ட், அவையில் மோதிக்கொண்டவர்கள். தாம்பரத்தில் ஜீவா குடியிருந்த குடிசைக்குக் காமராஜர் நேரில் போய், விழா ஒன்றுக்கு அவரை அழைத்ததாகவும், துவைத்துப் போட்ட வேட்டி காயும்வரை ஜீவா வெளியே வரத் தாமதித்ததாகவும் ஒரு சம்பவம் பல மேடைகளில் சொல்லப்படுவது. எளிமைக்கு எடுத்துக்காட்டாகவே அதைச் சொல்கிறோம். எதிர்க்கட்சிக்காரரின் வாசலில் ஒரு முதலமைச்சர் காத்து நின்றார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். 1963 ஜனவரி 18 அன்று ஜீவா காலமானார், வயது 55. உடல்நிலை மோசமானபோது மனைவிக்குத் தந்தி கொடுக்கவும் காமராஜருக்குத் தொலைபேசியில் சொல்லவும் கேட்டுக்கொண்டாராம். தமக்கு வேண்டியவர்களின் வரிசையில் எதிரணித் தலைவரையும் வைத்திருந்த மனிதர்.

அந்தத் தலைமுறையில் இது அபூர்வம் இல்லை. 1949இல் பெரியாரை விட்டுப் பிரிந்த அண்ணா, அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் அவருடைய கடும் விமர்சனத்தைத் தாங்கினார். 1967 தேர்தலிலும் பெரியார் எதிர்த்தே பிரச்சாரம் செய்தார். வென்றதும் அண்ணா போனது திருச்சிக்கு, பெரியாரைப் பார்க்க. பல பத்தாண்டுகள் ராஜாஜியின் அரசியலை எதிர்த்த பெரியார், 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது தள்ளாத வயதில் வந்து இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார். இவர்கள் யாரும் கொள்கையில் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைய மேடைகளிலும் கொச்சைப் பேச்சு இல்லாமல் இல்லை. பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மேடையில் திட்டியவரைத் துக்க வீட்டில் போய்ப் பார்க்க ஒரு வழி திறந்திருந்தது. இன்றைக்கு அந்த வழி அடைபட்டுவருகிறது. எதிர்க்கட்சிக்காரரோடு சிரித்தபடி ஒரு புகைப்படம் வந்துவிட்டால் சொந்தக் கட்சிக்குள்ளேயே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த நோய் குடும்பத்துக்குள்ளும் வந்துவிட்டது. அத்தான் போட்ட ஒரு வாட்ஸ்அப் செய்திக்கு மைத்துனர் பதில் போட, இருவரும் கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரெதிரே உட்காராமல் போகிறார்கள். அடுத்தவரின் மதத்தையும் சாதியையும் பற்றி நேரில் சொல்ல நாக்கூசுவதைக் கைப்பேசியில் கூசாமல் தள்ளிவிடுகிறோம். குமரி மாவட்டத்துக்கு இதன் விலை தெரியும். 1982இல் மண்டைக்காட்டில் மூண்ட மதக் கலவரம் உயிர்களைக் குடித்தது. குன்றக்குடி அடிகளார் வந்து இரு தரப்பையும் சந்தித்து அமைதிக்கு உழைத்ததை மூத்தவர்கள் நினைவுகூர்வார்கள். கலவரம் ஒரே நாளில் முளைப்பதில்லை. ‘அவனுவோ அப்படித்தான்’ என்று சாயாக்கடையில் சொல்லிச் சிரிக்கும் பேச்சில் அது பல காலம் ஊறிக் கிடக்கிறது.

வீட்டிலிருந்து தொடங்க

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவருடன் படித்த பிள்ளைகள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை நீக்குவது, கையில் சாதி அடையாளக் கயிறு கட்டத் தடை என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு. எல்லாம் தேவைதான். ஆனால் கயிற்றை அறுத்துவிடலாம். அதைக் கட்டிவிட்ட பேச்சைப் பள்ளிக்கூடத்தால் மட்டும் அறுக்க முடியாது. அது வீட்டில் நடக்கிறது.

எழுபது வயதுத் தொழிலாளியைப் பெயர் சொல்லி ‘வா, போ’ என்று கூப்பிடும் பத்து வயதுப் பையன் அதை எங்கிருந்து கற்றான்? நாஞ்சில் பேச்சில் அண்ணாச்சி, பாட்டா, மாமா, அக்கா என்று எத்தனையோ முறைப்பெயர்கள் கிடக்கின்றன. ‘நீ’ என்று சொல்லக் கூச்சமாயும் ‘நீங்க’ என்று சொல்லத் தயக்கமாயும் இருந்தால் நடுவில் நிற்க ஒரு ‘நீரு’ கூட உண்டு. இவ்வளவு வசதி இருந்தும், உழைக்க வந்த ஒரு கிழவரை ஒரு முறைப்பெயர் சொல்லிக் கூப்பிட மனம் வரவில்லையென்றால் குறை மொழியில் இல்லை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. வேலைக்கு வருகிறவருக்கு, வீட்டார் குடிக்கும் அதே டம்ளரில் தண்ணீர் கொடுப்பது. வயதில் மூத்தவர் யாராக இருந்தாலும் ‘வாங்க, போங்க’ என்பது. அலுவலகத்தில் மேசைக்கு இந்தப் பக்கமும் ஒரு நாற்காலி போடுவது. எந்தத் துறைத் தலைவரும் ஒரே நாளில் உத்தரவு போட்டுச் செய்யக்கூடியது இது. வரிசையில் தெரிந்த முகத்தை முன்னால் கூப்பிடாமல் இருப்பது. கருத்தில் மோதிய உறவினரின் வீட்டு விசேஷத்துக்கும் துக்கத்துக்கும் போய் நிற்பது. இவற்றுக்குக் காசு செலவில்லை. நம்முடைய இடம் ஒரு படி குறைந்துவிடுமோ என்ற பயம் மட்டும்தான் தடுக்கிறது.

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களின் முன்பக்கத்தில் தீண்டாமைக்கு எதிரான வாசகத்தை அச்சிட்டுவருகிறோம். பிள்ளைகள் அதைப் புத்தகம் வாங்கிய அன்று ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்கள். அப்பா மேலதிகாரியிடம் பேசும் குரலையும், குப்பை எடுக்க வந்தவரிடம் பேசும் குரலையும் தினமும் கேட்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர்கள் மனதில் பாடமாக ஏறுகிறது. அந்த வித்தியாசத்தைக் குறைக்க அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.